நெகிழ்வுப் பாடவேளை 'ஃப்ரீ பீரியட்' ஆகிவிடாமல் நடத்துவது எப்படி?

கால அட்டவணையில் எந்தப் பாடத்துக்கும் சொந்தமில்லாத ஒரு பாடவேளை. அதில் கணக்கில் தடுமாறுகிறவர் கணக்கு ஆசிரியரிடம் போகலாம். தேர்வன்று வராதவர் அந்தத் தேர்வை எழுதலாம். இன்னொருவர் ஆய்வகத்தில் விட்டதை முடிக்கலாம். இதைத்தான் நெகிழ்வுப் பாடவேளை என்கிறோம். உயர்நிலை வகுப்புகளில் இதை நடத்துவது பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

எங்கள் பள்ளியில் 50 நிமிடத்தில் 7 பாடவேளைகள். பள்ளி நேரத்தை நீட்டிக்க வழியே இல்லை. நெகிழ்வுப் பாடவேளைக்கு நேரத்தை எங்கிருந்து எடுப்பது?
– ஒரு தலைமை ஆசிரியர்

ஒவ்வொரு பாடவேளையிலும் 5 நிமிடம் கிள்ளினால் 35 நிமிடம் சேர்கிறது என்பதுதான் எல்லோரும் முதலில் போடும் கணக்கு. ஆனால் அந்த 35 முழுசாகக் கையில் நிற்காது. பாடவேளை ஒன்று கூடினால், வகுப்பு மாறும் இடைவெளியும் ஒன்று கூடுகிறது. அதற்கு 5 நிமிடம் போக மிஞ்சுவது 30. இந்த 5 நிமிடத்தை அட்டவணையில் காட்டாமல் விட்டால் அது மறைந்துபோகாது. மாணவர்கள் தினமும் 5 நிமிடம் தாமதமாக வந்து அதை எடுத்துக்கொள்வார்கள்.

பாட ஆசிரியர்கள் இழப்பது என்ன என்பதையும் மறைக்காமல் அவர்கள் முன் வையுங்கள். ஆண்டுக்கு 180 வேலைநாள் என்று வைத்தால், நாளுக்கு 5 நிமிடம் என்பது 900 நிமிடம், அதாவது 15 மணி நேரம். புதிய 45 நிமிடக் கணக்கில் 20 பாடவேளை. சிறிய தொகை அல்ல. வாரத்தில் 2 நாள் மட்டும் நடத்தினால், 36 வாரத்துக்கு 360 நிமிடம். 8 பாடவேளைதான் போகும். ஆகவே முதல் ஆண்டில் வாரம் 2 நாள் போதும். அந்த 2 நாளும் அடுத்தடுத்த நாளாக இல்லாமல், செவ்வாய் – வியாழன் போல இடைவெளி விட்டு வரட்டும். இதில் ஒரு சின்னத் தொல்லை உண்டு: மணி அடிக்கும் அட்டவணை இரண்டாகிவிடும். எந்த நாளுக்கு எது என்பதை ஒவ்வொரு வகுப்பறைக் கதவிலும் ஒட்டிவையுங்கள்.

செய்முறை வகுப்புகளில் கை வைக்க வேண்டாம். கருவிகளை எடுத்துவைக்க 8 நிமிடம், கழுவி அடுக்க 7 நிமிடம் போகும் ஒரு வகுப்பில் 5 நிமிடத்தைக் குறைத்தால், குறைவது செய்முறையின் நடுப்பகுதிதான். செய்முறைகளை இரட்டைப் பாடவேளைகளாகச் சேர்த்துவிடுங்கள். அல்லது நெகிழ்வு நாள் அல்லாத நாளுக்கு மாற்றிவிடுங்கள்.

நாளில் எங்கே வைப்பது என்பதும் முக்கியம். முதல் பாடவேளையாக வைத்தால், தாமதமாக வருகிறவர்களுக்கு அது கிடைக்காமலே போகும். தாமதமாக வருகிறவர்களில் பலர் உதவி தேவைப்படுகிறவர்கள்தான். கடைசியில் வைத்தால் விளையாட்டுப் பயிற்சி, மருத்துவரிடம் போக வேண்டும், வண்டி வந்துவிட்டது என்று அனுமதிச் சீட்டுகள் குவியும். சாப்பாட்டு இடைவேளையோடு ஒட்டி ஒரு மணி நேரமாக ஆக்குவது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 'சாப்பாடு இன்னும் முடியவில்லை' என்ற ஒரே பதிலில் பாதி நேரம் கரைந்துபோகும். இரண்டாம் பாடவேளைக்கும் நான்காம் பாடவேளைக்கும் இடையில் எங்காவது வையுங்கள்.

ஒன்றை மறக்க வேண்டாம். உங்கள் கல்வி வாரியம் ஒவ்வொரு பாடத்துக்கும் குறைந்தபட்சக் கற்பித்தல் நேரம் விதித்திருந்தால், குறைத்த பிறகும் அந்த அளவு இருக்கிறதா என்று முதலில் கூட்டிப் பாருங்கள். ஆசிரியர் மேற்பார்வையும் வருகைப்பதிவும் இல்லாத நேரத்தைக் கற்பித்தல் நேரமாகக் கணக்கில் சேர்ப்பது கடினம்.

600 மாணவர்கள், 30 ஆசிரியர்கள். யார் எங்கே போவது என்பதை எப்படித்தான் முடிவு செய்வது? நினைத்தாலே தலை சுற்றுகிறது.
– அட்டவணை போடும் பொறுப்பில் உள்ள ஆசிரியர்

இந்தக் கேள்விக்கு விடை இல்லாமல் தொடங்கும் நெகிழ்வுப் பாடவேளை ஒரு மாதத்தில் ஃப்ரீ பீரியடாக மாறிவிடும். மணி அடிக்கும்போது ஒவ்வொரு மாணவருக்கும் தான் எந்த அறைக்கு, எதற்காகப் போகிறோம் என்பது முந்தைய வேலைநாளே தெரிந்திருக்க வேண்டும். மற்ற எல்லாம் இதற்குப் பிறகுதான்.

முதலில் இருக்கைக் கணக்கு. மறுகற்பித்தல் அறையில் 12 பேருக்கு மேல் வைத்தால் அது இன்னொரு வகுப்புதான். ஆகவே 10 அறை × 12 = 120. தவறிய தேர்வு எழுத ஓர் அறையில் 30. ஆய்வகம் இரண்டில் தலா 20 என்று 40. விவாதம், ஓவியம், நிரலாக்கம், நாடக ஒத்திகை போன்றவற்றுக்கு 8 அறை × 25 = 200. மீதி 210 பேருக்கு 30 பேர் கொண்ட 7 அமைதிப் படிப்பு அறைகள். இதுவரை 28 ஆசிரியர்கள். மிச்சமுள்ள இருவரில் ஒருவர் நடைபாதையில். மற்றவர் அலுவலக வாசலில், பட்டியலில் பெயர் விட்டுப்போனவர்களுக்காக. இந்த இருவரையும் சிக்கனம் பிடித்து வேறு அறைக்குப் போட்டுவிடாதீர்கள். யாராவது ஓர் ஆசிரியர் விடுப்பில் இருந்தாலும் அந்த அறையை ஏற்க ஆள் வேண்டும்.

இனி வாரச் சுற்று. புதன் மாலைக்குள் பாட ஆசிரியர்கள் தங்களுக்கு வேண்டிய மாணவர் பெயரையும் காரணத்தையும் தரவேண்டும். 'கணக்கில் வீக்' என்பது காரணம் ஆகாது. 'பின்னக் கூட்டலில் பகுதி சமன் செய்யத் தெரியவில்லை' என்பது காரணம். வியாழனன்று, அழைக்கப்படாத மாணவர்கள் தங்கள் விருப்பத்தை வரிசைப்படி மூன்று எழுதித் தருவார்கள். வெள்ளி மதியம் பட்டியல் பூட்டப்படும். திங்கள் காலை வகுப்பு ஆசிரியர் ஒவ்வொருவருக்கும் படித்துச் சொல்வார். பூட்டிய பிறகு மாற்றம் கேட்டால், அழைக்கும் ஆசிரியரும் விடும் ஆசிரியரும் கையெழுத்திட்ட சீட்டு வேண்டும். கணினியில் ஒரு விரிதாள் இருந்தால் போதும். அதுகூட இல்லாத பள்ளியில் மாணவருக்கு ஓர் அட்டை என்று வைத்து நடத்தலாம். மென்பொருள் வாங்குவதெல்லாம் இந்தச் சுற்று ஒரு பருவம் ஒழுங்காக ஓடிய பிறகு யோசிக்க வேண்டியது.

ஒரே மாணவரைக் கணக்கும் மொழிப் பாடமும் ஒரே நாளில் கேட்கும். அப்போது சத்தமாகக் கேட்பவர் ஜெயிக்கக் கூடாது. செவ்வாய் கணக்கு – அறிவியலுக்கும், வியாழன் மொழிப் பாடங்கள் – சமூக அறிவியலுக்கும் முன்னுரிமை என்று எழுதிவையுங்கள். முன்னுரிமை நாளில் அந்தப் பாடத்தின் அழைப்பே செல்லும். முன்னுரிமை இல்லாத பாடமும் அழைக்கலாம், காலியிடம் இருந்தால்.

மறுகற்பித்தலுக்கு 30 நிமிடம் தருகிறார்கள். அதற்குள் என்ன செய்ய முடியும்? வகுப்பில் ஒரு வாரம் சொல்லிப் புரியாததா அரை மணியில் புரிந்துவிடும்?
– கணக்கு ஆசிரியை

பாடம் முழுவதையும் திரும்ப நடத்தினால் புரியாதுதான். ஒரே ஒரு பிழையை எடுத்தால் நடக்கும். அந்தப் பிழை எது என்று கண்டுபிடிப்பதில்தான் பாதி வேலை இருக்கிறது.

மதிப்பெண் பட்டியலைப் பார்த்துக் கடைசி 12 பேரை அழைத்தால், 12 பேருக்கும் 12 விதமான சிக்கல் இருக்கும். விடைத்தாளைப் பாருங்கள். 7 − 2(3 − 5) என்ற கணக்கை வகுப்பில் கொடுத்ததாக வைத்துக்கொள்வோம். சரியான விடை 11. ஒருவர் −10 என்று எழுதியிருந்தால், அவர் முதலில் 7-லிருந்து 2-ஐக் கழித்து, வந்த 5-ஐ −2-ஆல் பெருக்கியிருக்கிறார். செயல்களின் வரிசை தெரியவில்லை. −9 என்று எழுதியவர் வரிசையை அறிவார். அடைப்பைப் பிரிக்கும்போது குறை அடையாளத்தை இரண்டாம் உறுப்புக்குக் கொண்டுபோகவில்லை. அதனால் 7 − 6 − 10 என்று போட்டிருக்கிறார். 3 என்று எழுதியவர் 3 − 5 என்பதை 2 என்றே எடுத்துக்கொண்டார். அவருக்குக் குறை எண்களே பிரச்சினை. மூவருக்கும் மதிப்பெண் பூஜ்யம்தான். ஆனால் மூவரும் ஒரே அறையில் உட்கார வேண்டியவர்கள் அல்ல. அடுத்தடுத்த வாரங்களில் மூன்று குழுக்களாக அழையுங்கள். அல்லது மூன்று கணக்கு ஆசிரியர்கள் இருந்தால் ஆளுக்கொரு பிழையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆசிரியர்கள் மாணவரைப் பரிமாறிக்கொள்வது இங்கே மிகவும் பயன்படும்: ஒருவர் சொல்லிப் புரியாதது இன்னொருவர் வேறுவிதமாகச் சொன்னால் சட்டென்று விளங்குவது உண்டு.

இப்படி 4 அல்லது 5 கேள்விகள் கொண்ட கண்டறி தேர்வு 8 நிமிடத்தில் முடிந்துவிடும். தவறான விடையைப் பார்த்ததுமே தவறிய இடம் தெரியும்படி கேள்விகளை அமைப்பதுதான் இதில் நுட்பம்.

அரை மணியைப் பிரிக்க ஒரு வழி: வருகைப்பதிவுக்கும் உட்காரவும் 3 நிமிடம். முன்பே தெரிந்த இரண்டு கணக்குகள், புத்தகத்தைப் பார்க்காமல், 5 நிமிடம். விளக்கம் 8 நிமிடம். வகுப்பில் சொன்ன அதே சொற்களில் வேண்டாம். குறை எண்ணுக்கு எண்கோடு போட்டிருந்தால் இப்போது கடன் – கையிருப்பு என்று போங்கள். பிறகு 10 நிமிடப் பயிற்சி. நீங்கள் ஒவ்வொருவரின் நோட்டையும் நின்று பார்க்க வேண்டிய நேரம் இது. கடைசி 4 நிமிடத்தில் இரண்டே கணக்குகள், துண்டுத்தாளில், பெயரோடு. இரண்டும் சரி என்றால் அடுத்த முறை அழைப்பு இல்லை.

இங்கே அதிகம் நடக்கும் தவறு, விளக்கம் 25 நிமிடமாக நீள்வது. ஆசிரியர் களைத்துப்போவார், மாணவர் தலையாட்டுவார், துண்டுத்தாளுக்கு நேரம் இருக்காது. புரிந்ததா இல்லையா என்று யாருக்கும் தெரியாமலே மணி அடித்துவிடும்.

நெகிழ்வுப் பாடவேளையில் புதிய பாடம் நடத்தக் கூடாது என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம். நீங்கள் அழைத்தது 12 பேரை; மற்றவர்கள் வேறு அறைகளில் இருக்கிறார்கள். அன்று புதிதாக நடத்தியது அவர்களுக்கு இடைவெளியாகிவிடும்.

இது ஏதோ புதிய கண்டுபிடிப்பு போலப் பேசுகிறார்களே?
– ஓய்வு பெற்ற ஆசிரியர்

இல்லை ஐயா. அமெரிக்கக் கல்வியாளர் ஹெலன் பார்க்ஹர்ஸ்ட் வகுத்த டால்டன் திட்டம் 1920-களிலேயே மாணவர் தன் மாத வேலையை ஒப்பந்தம்போல ஏற்று, பாட அறைகளுக்குத் தானே நேரம் பிரித்துப் போகும் முறையை முன்வைத்தது. 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் ஜே. லாய்ட் ட்ரம்ப் என்ற கல்வியாளர், மாணவர் நேரத்தில் 40 சதவீதம் பெரிய குழு வகுப்பு, 20 சதவீதம் சிறிய குழு விவாதம், 40 சதவீதம் தனிப்படிப்பு என்று ஒரு திட்டம் தந்தார். நாளைப் பாடவேளைகளாக அல்லாமல் சின்னச் சின்ன நேரத் துண்டுகளாக வெட்டி, பாடத்துக்கு ஏற்ப இரண்டோ மூன்றோ துண்டுகளைச் சேர்த்துக்கொள்ளும் அட்டவணைகள் 1960-களில் பல பள்ளிகளில் வந்தன. 1970-களில் அவை தேய்ந்தன. தனிப்படிப்பு நேரத்தில் என்ன செய்வதென்று தெரியாமல் திரிந்த மாணவர்கள் அதற்கு ஒரு முக்கியக் காரணம். தானாகத் திட்டமிடத் தெரிந்தவர்களுக்கு அந்த நேரம் பொன்னாக இருந்தது. தெரியாதவர்களுக்கு வெறும் நேரமாக இருந்தது.

இன்றைய வடிவம் கடன் வாங்கியிருப்பது இன்னொரு இடத்திலிருந்தும்தான். கல்வி உளவியலாளர் பெஞ்சமின் புளூம் 1968-ல் எழுதிய முழுத்தேர்ச்சிக் கற்றல் முறையில், அலகு முடிந்ததும் ஒரு சிறு தேர்வு, அதில் தவறியதற்குத் திருத்தக் கற்பித்தல், பிறகு மறுபடி ஒரு தேர்வு என்று சுற்று வரும். 'திருத்தத்துக்கு நேரம் ஏது?' என்றுதான் ஆசிரியர்கள் கேட்டார்கள். நெகிழ்வுப் பாடவேளை அதற்கான நேரம்.

என் மகளை வாரா வாரம் கணக்குக்கே அழைக்கிறார்கள். நாடகக் குழுவில் சேர ஆசைப்பட்டாள். ஒரு நாளும் போக முடியவில்லை. 'நான் மக்குக் குழுவில் இருக்கிறேன்' என்று அழுகிறாள். பள்ளியில் எப்படிக் கேட்பது?
– ஒரு தாய்

உங்கள் வருத்தத்தில் நியாயம் இருக்கிறது அம்மா. திட்டத்திலும் ஓர் ஓட்டை இருப்பது தெரிகிறது. மூன்று கேள்விகளை வகுப்பு ஆசிரியரிடம் கேளுங்கள். எந்தத் திறனுக்காக அவளை அழைத்தார்கள்? போன மூன்று அமர்வின் துண்டுத்தாள்களில் என்ன தெரிந்தது? எது நடந்தால் அழைப்பு நிற்கும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் இல்லையென்றால், அங்கே மறுகற்பித்தல் நடக்கவில்லை, பெயர்ப்பட்டியல் மட்டும் ஓடுகிறது என்று பொருள்.

நல்ல பள்ளிகள் இதற்கு இரண்டு விதிகள் வைத்துக்கொள்கின்றன. எந்த மாணவரையும் நெகிழ்வு நாள்களில் பாதிக்கு மேல் அழைக்கக் கூடாது. மீதி அவரது விருப்பத்துக்கு. 3 வாரம் ஒரு சுற்று. சுற்று முடிந்ததும் குழுக்கள் கலைந்து புதிதாகச் சேர வேண்டும். நன்றாகப் படிப்பவரும் ஏதோ ஒரு திறனுக்காக ஒரு சுற்றில் அழைக்கப்படுவார் என்றால், 'அந்த அறை' என்ற முத்திரை விழாது.

ஒருவேளை அவளுக்குப் பல ஆண்டு இடைவெளி இருந்து, வாரத்துக்கு ஒரு முறை போதாது என்று பள்ளி சொன்னால், அதுவும் உண்மையாக இருக்கலாம். பழைய இடைவெளியை நிரப்ப வாரம் 3 முறையாவது, 3 அல்லது 4 பேர் கொண்ட குழுவில், ஒரே ஆசிரியரிடம் தொடர்ந்து உட்கார வேண்டும். அதற்கு அட்டவணையில் தனி இடம் கேளுங்கள். நாடகத்தைப் பிடுங்கி அந்த இடத்தை நிரப்புவது தவறு.

11-ஆம் வகுப்பு படிக்கிறேன். எந்தப் பாடத்திலும் குறை இல்லை. என்னை ஏன் சும்மா விடக்கூடாது? வீட்டுப்பாடத்தை அங்கேயே முடித்தால் மாலை மிச்சமாகுமே.
– மாணவர்

முடிக்கலாமே. அமைதிப் படிப்பு அறை அதற்குத்தான் இருக்கிறது. விருப்பத் தாளில் அதையே முதலில் எழுதுங்கள். ஆனால் 'எதை முடிக்கப் போகிறேன்' என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்வார்கள், கோபம் வேண்டாம். அந்த ஒரு வரி இல்லாதபோது அறை அரட்டை மடமாகிவிடுகிறது. நண்பர் நால்வர் ஒரே அறையைக் கேட்டால் இருவருக்கு மட்டும் கிடைத்தாலும் ஆச்சரியப்படாதீர்கள்.

நாங்கள் ஏற்கெனவே மூச்சு முட்டும் அளவுக்கு வேலை செய்கிறோம். இதுவும் தலையில் விழுகிறதா?
– அறிவியல் ஆசிரியர்

இதற்கு நேரான பதில்: பாடக்குறிப்பு எழுதும் நேரத்தை எடுத்து நெகிழ்வுப் பாடவேளையாக ஆக்கியிருந்தால், ஆம், விழுகிறது. அப்படிச் செய்யும் திட்டம் நிலைக்காது. வாரத்துக்கு எத்தனை பாடவேளை என்று உங்கள் பணிச்சுமையைக் கணக்கிடும்போது நெகிழ்வுப் பாடவேளையையும் ஒரு பாடவேளையாகவே எண்ண வேண்டும் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஐந்து நெகிழ்வு அமர்வில் ஒன்று, சுழற்சியில், அமைதிப் படிப்பு அறை மேற்பார்வையாக வரட்டும். அன்று தயாரிப்பு வேண்டாம்.

இன்னொரு அநியாயமும் நடக்கும். நன்றாக விளக்கும் ஆசிரியரின் அறையில் 35 பேர் முண்டியடிப்பார்கள். பக்கத்து அறையில் 5 பேர் இருப்பார்கள். 12 என்ற வரம்பை அவருக்கும் கண்டிப்பாக வையுங்கள். 'வரட்டுமே, கேட்டுக்கொள்ளட்டுமே' என்று அவரே தாராளம் காட்டினாலும் வேண்டாம். அந்த 35 பேரில் உண்மையாகத் தவிப்பவர் பின் இருக்கையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருப்பார்.

தயாரிப்பைக் குறைக்க, ஒரு பாடத்து ஆசிரியர்கள் சேர்ந்து ஆண்டுக்கு 12 முதல் 15 முக்கியத் திறன்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். திறனுக்கு ஓர் உறை: கண்டறி கேள்விகள், மாற்று விளக்கம் ஒன்று, பயிற்சித்தாள், துண்டுத்தாள் கணக்குகள் இரண்டு ஜோடி. முதல் ஆண்டு கஷ்டம்தான். இரண்டாம் ஆண்டு உறையை எடுத்துக்கொண்டு போனால் போதும்.

மணி அடித்ததும் நடைபாதையில் திருவிழாக் கூட்டம். கழிவறையில் ஒளிகிறார்கள். என்ன செய்யலாம்?
– உதவித் தலைமை ஆசிரியர்

முதல் இரண்டு வாரம் யாரையும் நகர்த்தவே வேண்டாம். எல்லோரும் தங்கள் வகுப்பறையிலேயே இருந்து, அட்டை எழுதுவது, விருப்பம் தருவது, அறை எண் பார்ப்பது ஆகியவற்றைப் பழகட்டும். மூன்றாம் வாரம் ஒரு வகுப்பு நிலை மட்டும் நகரட்டும். அடுத்த வாரம் இன்னொன்று.

வருகைப்பதிவு பாடவேளை தொடங்கிய 5-ஆம் நிமிடத்துக்குள் அலுவலகத்துக்கு வந்துவிட வேண்டும். நாள் முடிவில் வந்தால் பயனில்லை. ஓடியவரை அன்றே பிடிக்க முடியாது. வெளியே போக அறைக்கு ஒரே ஓர் அனுமதி அட்டை. முதல் 10 நிமிடமும் கடைசி 5 நிமிடமும் அதுவும் கிடையாது. இரண்டு முறை தவறியவருக்கு அடுத்த இரண்டு வாரம் விருப்பத் தேர்வு இல்லை, இடத்தைப் பள்ளியே சொல்லும். இதற்கு மேல் தண்டனை தேவைப்படுவதில்லை. மறுகற்பித்தலை மட்டும் தண்டனையாக வைத்துவிடாதீர்கள். பிறகு உதவி தேவைப்படுகிறவர் அந்த அறை வாசலை மிதிக்க மாட்டார்.

கூட்டத்துக்கு வேறொரு காரணமும் இருக்கலாம். வரைபடத்தை எடுத்துப் பாருங்கள். ஒரே படிக்கட்டில் மேலும் கீழும் 300 பேர் போக வேண்டியிருந்தால் எந்த ஒழுங்கும் உதவாது. இயன்றவரை ஒவ்வொரு தளத்திலும் எல்லா வகை அறைகளும் இருக்கும்படி பிரியுங்கள்.

சிறப்புத் தேவை உள்ள மாணவர்களுக்குத் தனியாக ஆதரவு தருகிறோம். இனி அதை நெகிழ்வுப் பாடவேளையிலேயே கொடுத்துவிடலாமா?
– சிறப்பாசிரியர்

முழுவதையும் அதற்குள் அடைக்க வேண்டாம். அந்த மாணவருக்கென எழுதப்பட்ட தனித் திட்டத்தில் வாரம் இத்தனை நிமிடம் என்று இருந்தால், அதை அந்த அளவில், உரிய ஆசிரியர் தரவேண்டும். நெகிழ்வுப் பாடவேளை அதற்கு மேல் வருவது. இல்லையென்றால் மற்ற எல்லாரும் நாடகம், ஓவியம் என்று தேர்வு செய்யும் அந்த ஒரு நேரத்திலும் இவருக்கு மட்டும் தேர்வு இல்லாமல் போகும். அறை மாற்றம் பதற்றம் தருகிற மாணவருக்கு, பருவம் முழுவதும் ஒரே அறை என்று நிலையாக ஒதுக்கிவிடுங்கள்.

ஒரு பருவம் ஓட்டிவிட்டோம். பின்தங்கியவர்களின் சராசரி 31-லிருந்து 42 ஆகியிருக்கிறது. வெற்றி என்று அறிவித்துவிடலாமா?
– தலைமை ஆசிரியர்

கொஞ்சம் பொறுங்கள். மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவர்களை மட்டும் பொறுக்கி எடுத்தால், எதுவுமே செய்யாவிட்டாலும் அடுத்த தேர்வில் அவர்கள் சராசரி சற்று ஏறும். அன்று காய்ச்சலில் எழுதியவர், தூங்காமல் வந்தவர், கேள்வியைத் தவறாகப் படித்தவர் எல்லாம் அந்தக் கூட்டத்தில் இருப்பார்கள். அவர்கள் தங்கள் வழக்கமான நிலைக்குத் திரும்புவதும் ஏற்றமாகவே தெரியும். உங்கள் 11 மதிப்பெண்ணில் இதன் பங்கு எவ்வளவு?

அதைப் பிரித்துப் பார்க்க ஓர் எளிய வழி உண்டு. அதே மாணவர்களின் விடைத்தாளில், மறுகற்பித்தல் கொடுத்த திறன்களுக்கான கேள்விகளையும் கொடுக்காத திறன்களுக்கான கேள்விகளையும் தனித்தனியே கூட்டுங்கள். இரண்டும் ஒரே அளவு ஏறியிருந்தால், ஏற்றத்தின் காரணம் வேறு. கொடுத்தது மட்டும் நன்றாக ஏறியிருந்தால் உங்கள் அரை மணி வேலை செய்திருக்கிறது.

கூடவே, துண்டுத்தாளில் சரியாகப் போட்டவருக்கு 2 வாரம் கழித்து அதே திறனில் இன்னொரு கணக்கு கொடுங்கள். படித்தது நாள்பட மறக்கும் வேகத்தை ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்கௌஸ் 1885-லேயே தன்னைத் தானே சோதித்து எழுதிவைத்தார். முதல் சில நாள்களில்தான் பெரும்பகுதி கரைகிறது. அன்றைக்கே எழுதிய துண்டுத்தாள் அன்றைய நினைவைத்தான் காட்டும். எத்தனை பேர் 2 வாரம் தாண்டியும் நிற்கிறார்கள் என்ற ஒரே எண்ணை மாதந்தோறும் ஆசிரியர் அறையில் எழுதிப்போடுங்கள்.

தேர்வுக்கு இன்னும் 3 வாரம்தான். போர்ஷன் முடியவில்லை. நெகிழ்வுப் பாடவேளையைக் கொஞ்ச நாள் பாட ஆசிரியர்களுக்குப் பிரித்துக் கொடுத்துவிடலாமா?
– பெயர் வேண்டாம் என்ற ஒரு முதல்வர்

கொடுத்தால் எவ்வளவு கிடைக்கும் என்று பார்ப்போம். வாரம் 2 நாள், 3 வாரம்: 6 அமர்வு, 180 நிமிடம். ஆறு பாடத்துக்குப் பிரித்தால் ஒரு பாடத்துக்கு 30 நிமிடம். முடியாத போர்ஷன் 30 நிமிடத்தில் முடியப்போவதில்லை. அதே 6 அமர்வுகளில் திறனுக்கு ஒன்று என்று 10 அறைகளிலும் நடத்தினால், 12 பேர் வீதம் 720 இருக்கைகள் கையில் இருக்கின்றன.

ஒரு மாற்றம் மட்டும் செய்யலாம். அந்த 3 வாரத்துக்கு ஓவியம், நாடக அறைகளில் நான்கை முந்தைய ஆண்டு வினாத்தாள் எழுதும் அறைகளாக மாற்றுங்கள். விரும்பியவர் மட்டும் வரட்டும். 30 நிமிடத்துக்கு ஒரு முழு வினாத்தாள் அடங்காது. ஒரு பெரிய வினா, இரண்டு சிறு வினா என்று வெட்டிக் கொடுங்கள். 22 நிமிடம் எழுத, 8 நிமிடம் விடைக்குறிப்போடு தானே திருத்த. மீதி நான்கு அறைகளை அப்படியே விட்டுவையுங்கள்.